சி மொழியிற் பல்லிழை நிரலாக்கம்: கொழுந்துக் கணக்கின் துணையோடு ஒரு தொடக்கப் பாடம்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தின் முன் மாலைப்பொழுதில் நின்று பார்த்தோர் அங்கு நிகழும் ஒரு சிறு வழக்கை அறிவர். தராசிலிருந்து சாக்கை இறக்கியபின் ஒரு தாய் தயங்கி நிற்பாள். "ஐயா, காலையில பதினோரு கிலோன்னு சொன்னீங்களே, இப்பக் கூட்டினா ரெண்டு கிலோ கொறையுதுங்களே" என்பாள். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா, அடுத்த ஆள வரச்சொல்லு" என்று விடை வரும். இரண்டு கிலோ என்பது பெரியதொரு நிறையன்று. ஆயினும் அன்றைக்கு விதித்த நிறைக்கு அவ்விரண்டு கிலோ குறையுமாயின், முழுப்பேர் விழ வேண்டிய இடத்தில் அரைப்பேர் விழுந்துவிடும்; பாதி நாட்கூலி போய்விடும்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் அத்தகைய தாய்மாரின் வயிற்றிற் பிறந்தவரே. அவருட் சிலர் கணினிக்கு நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டுவிட்டனர்; இன்று வகுப்பில் இருப்போருட் பலரும் அவ்வழியே செல்லக்கூடும். சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது; கணக்கும் ஏட்டிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றது. இனிக் கணக்குக் குறைந்தாற் கணக்கப்பிள்ளையைக் கடிந்து பயனில்லை. நிரலை எழுதியவனே கணக்கப்பிள்ளை. அவன் நேர்மையுடையவனாயிருந்தும், அவனுடைய நிரலின் ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரியாயிருந்தும், கிலோக்கள் காணாமற்போகும் வழியொன்று உண்டு. அவ்வழியைக் காட்டுவதும் அதனை அடைப்பதுமே இப்பாடத்தின் நோக்கம். சி மொழியின் அடிப்படையை, அஃதாவது மாறி, சார்பு, சுட்டி என்பவற்றை, வாசகர் ஏலவே அறிவர் எனக் கொண்டு தொடங்குகின்றோம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றைச் செயல்முறை என்பர். வகுப்பில் நாம் முதலில் எழுதும் நிரல்களிற் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒழுக்கில் நிறைவேறும். அவ்வொழுக்கே இழை. ஒரு செயல்முறைக்குள் இத்தகைய இழைகள் பல ஒருங்கே ஓடுமாறு செய்வது பல்லிழை நிரலாக்கம். செயல்முறையைத் தோட்டத்து அலுவலகமாகவும், இழைகளை அங்கிருந்து வேலை செய்யும் கணக்கர்களாகவும் எண்ணிக்கொள்க. ஒவ்வொரு கணக்கருக்கும் சட்டைப்பையிற் சொந்தமாக ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. சார்புக்குள் அறிவிக்கப்படும் உள்மாறிகள் அதிலே எழுதப்படும். மேசைமீது விரித்துவைத்த பெரிய பேரேடோ எல்லாருக்கும் பொது. சார்புகளுக்கு வெளியே அறிவிக்கப்படும் பொதுமாறிகளும், மலொக் என்னும் சார்பினாற் பெறும் நினைவிடமும் அப்பேரேட்டின் பக்கங்களாம். பல்லிழை நிரலின் ஆற்றலும் ஆபத்தும் இந்தப் பொதுப் பேரேட்டிலேயே இருக்கின்றன.

டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் 1972ஆம் ஆண்டளவிற் சி மொழியை உருவாக்கியபோது அதில் இழை என்ற பேச்சே இல்லை. 1995இல் வெளிவந்த பொசிக்ஸ் நியமம் இழைகளுக்கான சார்புத் தொகுதியொன்றை வகுத்தது. மொழியின் நியமத்துக்குள்ளேயே இழைகள் இடம்பெற்றது 2011இலேயாம். லினக்ஸ் கணினிகளிற் பெருவழக்காயிருப்பது பொசிக்ஸ் தொகுதியாதலின் அதனையே இங்குக் கொள்கின்றோம். நிரலின் தலையிற் பீத்திரெட் என்னும் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, ஜீசீசீ தொகுப்பானை அழைக்கும்போது அதே பெயரைத் தெரிவாகவும் கொடுத்தாற் போதும். (சார்புப் பெயர்களை இங்கே ஒலிக்கேற்பத் தமிழில் எழுதுகின்றோம். நிரலில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொல்லுக்குச் சொல் அடிக்கோட்டால் இணைக்கப்பட்டு வரும்.)

புதிய இழையைத் தோற்றுவிப்பது பீத்திரெட் கிரியேட் என்னும் சார்பு. அதற்கு நான்கு பெறுமானங்கள் வேண்டும்: இழையின் அடையாளத்தை எழுதிவைக்கும் மாறியின் முகவரி; இழையின் பண்புகள் (தொடக்கத்தில் நல் என இட்டால் அமையும்); இழை செய்யவேண்டிய வேலையாகிய சார்பு; அச்சார்பிடம் கையளிக்கப்படும் ஒரு சுட்டி. இழை முடியும்வரை காத்திருப்பது பீத்திரெட் ஜொயின். இதனை மறந்த மாணவன், "சேர், என்னுடைய நிரல் ஒன்றையுமே அச்சிடவில்லை" என்று வந்து நிற்பான். மெயின் சார்பு முடிந்து திரும்பினாற் செயல்முறை முழுவதும் முடிந்துவிடும். அலுவலகத்தை இழுத்து மூடினால் உள்ளிருந்த கணக்கரின் வேலையும் அந்த நிலையிலேயே நின்றுபோகும்.

இன்னொரு வழுவும் முதல் வாரத்திலேயே வரும். நான்கு இழைகளைத் தோற்றுவிக்கும் மடக்கில், மடக்கை எண்ணும் ஒரே மாறியின் முகவரியை நான்கு இழைகளுக்கும் கொடுத்துவிடுவர். ஒரு துண்டுச் சீட்டில் '1ஆம் மலை' என்றெழுதி ஒருவருக்குக் காட்டி, அவர் வாசிக்குமுன் அதனை அழித்து '2ஆம் மலை' என்றெழுதி அடுத்தவருக்குக் காட்டுவதற்கு இஃது ஒப்பாகும். இருவரும் ஒரே மலைக்குப் போய்விடுவர். நான்கு உறுப்புடைய அணியொன்றை வைத்து, ஒவ்வோரிழைக்கும் வெவ்வேறு உறுப்பின் முகவரியைக் கொடுத்தல் நன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். மொத்தம் என்பது பொதுமாறி. அதன் தொடக்கப் பெறுமானம் 0. இரண்டு தராசுகளுக்கு இரண்டு இழைகள். ஒவ்வோரிழையும் 10 இலட்சம் தடவை மொத்தத்தோடு 1 கூட்டவேண்டும். முடிவில் 20 இலட்சம் வரவேண்டுமென்பது சிறுபிள்ளையும் அறிந்தது. இதனை நாம் மாணவர்முன் ஓட்டிக் காட்டினோம். முதன்முறை 13 இலட்சத்துச் சொச்சம் வந்தது. மறுமுறை 11 இலட்சத்துச் சொச்சம். ஒருதடவை வந்த எண் மறுதடவை வரவில்லை. வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்கியபின், பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி கேட்டாள்: "சேர், இது கிலோவா இருந்தா யாருடைய பேரில குறையும்?" அக்கேள்விக்கு நம்மிடம் விடையிருக்கவில்லை. கணினியிடமும் இல்லை.

'மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டு' என்பது சி மொழியில் ஒரே வரி. கணினியோ பொதுவாக அதனை மூன்று செயலாகவே செய்யும்: நினைவகத்திலுள்ள எண்ணைப் பதிவகத்துக்கு எடுத்தல், பதிவகத்தில் 1 கூட்டல், விடையை நினைவகத்தில் மீள எழுதல். கணக்கர் பேரேட்டிலே 40 என்று வாசித்து, மனத்தாற் கூட்டி, 41 என்றெழுதுவதும் இம்மூன்றே. இப்போது இருவர் ஒரே பக்கத்தைப் பார்க்கின்றனர் என்க. முதலாமவர் 40 என வாசிக்கிறார். அவர் பேனாவை எடுக்குமுன் இரண்டாமவரும் 40 என வாசிக்கிறார். முதலாமவர் 41 என எழுதுகிறார். இரண்டாமவரும் 41 என எழுதுகிறார். நிறுத்தவை இரண்டு; ஏட்டில் ஏறியது ஒன்று. இருவரில் எவரும் பொய் எழுதவில்லை.

இழப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்று சிந்தித்தல் நல்ல பயிற்சி. பாதியாகக் குறையலாம் எனப் பலர் சொல்வர். உண்மையில் 2 வரைக்கும் குறையலாம். எவ்வாறெனின், முதலாமவர் 0 என வாசித்தபின் உறங்கிவிடுகிறார். இரண்டாமவர் தம் 10 இலட்சத்தில் ஒன்று நீங்கலாக எல்லாவற்றையும் கூட்டி முடிக்கிறார். அப்போது விழித்த முதலாமவர், தாம் முன்பு வாசித்த 0 உடன் ஒன்றைக் கூட்டி 1 என எழுதுகிறார். மற்றவரின் உழைப்பு அத்தனையும் அழிந்தது. இரண்டாமவர் தம் கடைசித் தடவைக்காக அந்த 1ஐ வாசித்தபின் உறங்குகிறார். முதலாமவர் தமக்கு எஞ்சிய தடவைகளையெல்லாம் முடித்துச் செல்கிறார். இறுதியாக இரண்டாமவர் விழித்து, தாம் வாசித்து வைத்திருந்த 1 உடன் 1 கூட்டி, 2 என எழுதிப் பேரேட்டை மூடுகிறார். நடைமுறையில் இவ்வாறு நிகழ்வது மிக அரிது. ஆனால் நிகழாமல் தடுக்க நிரலில் ஒன்றுமில்லை.

இவ்வழு மறைந்திருக்கும் தன்மையது. 10 இலட்சத்துக்குப் பதிலாக 100 தடவை கூட்டச் செய்தால், இரண்டாவது இழை பிறக்குமுன்பே முதலாவது தன் வேலையை முடித்துவிடக்கூடும். விடை பெரும்பாலும் சரியாகவே வரும். வேகத்தை மேம்படுத்துமாறு தொகுப்பானைக் கேட்டால், அது மடக்கையே நீக்கி 10 இலட்சத்தையும் ஒரே தடவையிற் கூட்டிவிடக்கூடும். அப்போதும் விடை சரியாகத் தோன்றும். செயலி ஒன்றேயுள்ள கணினியிற் கவலையில்லை என்பாரும் உளர். அதுவும் தவறு. இயக்குதளம் ஓரிழையை நிறுத்தி மற்றதற்கு முறை கொடுப்பது அம்மூன்று செயல்களின் நடுவிலும் நிகழலாம். காப்பின்றி இரண்டு இழைகள் ஒரே மாறியைத் தொட்டு, அவற்றுள் ஒன்றேனும் அதில் எழுதுமாயின், அந்நிரலின் நடத்தைக்கே வரையறை இல்லை என்று 2011ஆம் ஆண்டின் சி நியமம் கைவிரித்துவிடுகிறது. ஆகவே 'ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது' என்பது இத்துறையிற் சான்றாகாது.

பள்ளிக்கூடத்து விளையாட்டென்று இதனை எண்ணற்க. தெராக்-25 என்னும் கதிர்மருத்துவ இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தனர். இயக்குபவர் திரையிலே விரைந்து திருத்தஞ் செய்த வேளையில், ஒருங்கே ஓடிக்கொண்டிருந்த வேறொரு பணி அத்திருத்தத்தைக் காணாது விட்டமை அவ்விபத்துகளுட் சிலவற்றின் காரணமாகும். மெதுவாகத் தட்டியபோது அவ்வழு தோன்றவில்லை.

இதற்கு மருந்து யாது? அதனை அப்புத்தளையார் பல தலைமுறைகளாகத் தம் ஊர்ப் புகையிரத மேடையிலேயே கண்டுவந்துள்ளனர். மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்தது. ஒகியாவிலிருந்து இதல்கசின்ன வழியாக அப்புத்தளைக்கும், அங்கிருந்து தியத்தலாவைக்கும் செல்வது ஒற்றைப் பாதை. வருவதும் போவதும் ஒரே தண்டவாளத்தில். நிலையங்களில் மட்டுமே விலகிக்கொள்ள இடமுண்டு. பத்தடி தூரம் தெரியாத பனிமூட்டத்தில், மலைவளைவொன்றில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே சந்தித்தால் என்னாகும்? 1874இல் இங்கிலாந்தில் நோரிச் நகருக்கருகே தோர்ப் என்னுமிடத்தில் அவ்வாறு சந்தித்தன. தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் 25 பேர் மாண்டனர். அதன்பின் எட்வேட் டையர் என்பார் 1878இல் ஒரு மின்கருவிக்கு உரிமம் பெற்றார். பாதைத் துண்டு ஒவ்வொன்றின் இரு முனையிலும் அக்கருவி ஒவ்வொன்று இருக்கும். அதனுள்ளே 'டெப்லட்' எனப்படும் வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும். இருபுறத்து நிலைய அதிபரும் மணியொலியால் இசைந்தாலன்றித் தகடு வெளிவராது. ஒரு தகடு வெளியே இருக்குமட்டும் எந்தப் பக்கத்துக் கருவியும் மற்றொன்றை விடாது. தகடு பெறாத சாரதி அப்பாதைத் துண்டுக்குள் வண்டியைச் செலுத்தமாட்டார்.

நிலையப் பணியாளர் பெரிய வளையமொன்றை உயர்த்திப் பிடிக்க, மெல்ல உருண்டுவரும் எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதனை வாங்கிக்கொள்ளும் காட்சியைச் சிறுவயதில் நாம் வேடிக்கையாகப் பார்த்தோம். வளையத்திற் கோத்த பையினுள்ளே இருந்தது அத்தகடு. இழை நிரலாளர் மியூட்டெக்ஸ் என்று வழங்கும் கருவி இதனோடொத்தது. தமிழில் அதனைப் பூட்டு என்போம். இவ்வுறவு நம் கற்பனையன்று. ஒரே நேரத்தில் ஒருவரே நுழைதல் என்னும் சிக்கலை ஆராய்ந்து 1965இற் சிறு கட்டுரையொன்றை வெளியிட்ட ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, அப்பத்தாண்டின் முற்பகுதியில் தாம் கண்ட காவற்கருவியொன்றுக்கு இட்ட பெயர் செமபோர். அஃதாவது புகையிரதக் கைகாட்டி.

பூட்டைப் பயன்படுத்தும் முறை எளிது. மொத்தம் என்ற மாறியை அறிவிக்கும் இடத்திலேயே அதற்குரிய பூட்டையும் அறிவித்துத் தொடக்கநிலையில் வைக்க. கூட்டுமுன் பீத்திரெட் மியூட்டெக்ஸ் லொக். கூட்டியபின் பீத்திரெட் மியூட்டெக்ஸ் அன்லொக். ஓரிழை பூட்டை வைத்திருக்கையில் மற்றோரிழை அதனைக் கேட்டால், கிடைக்கும்வரை அவ்விடத்திலேயே அது நிறுத்தப்படும். இவ்விரு வரிகளையும் சேர்த்தபின் நம் நிரல் எத்தனை முறை ஓட்டினும் 20 இலட்சமே தந்தது.

ஆயினும் ஓரிடத்தில் உவமை பிழைக்கும். அவ்விடமே இப்பாடத்தின் உயிர்நிலை. டையரின் கருவி இரும்பாலும் மின்னாலும் தடுக்கும். சி மொழியின் பூட்டோ, தன்னைக் கேட்டு வருவோரை மட்டுமே தடுக்கும். இன்ன மாறிக்கு இன்ன பூட்டு என்னும் உறவு நிரலாளனின் மனத்தில் மட்டுமே உண்டு. தொகுப்பான் அதனை அறியாது. பூட்டைக் கேளாமல் மொத்தத்தைத் தொடும் ஒரே வரி நிரலில் எங்கேனும் இருக்குமாயின், அது தகடின்றி ஒற்றைப் பாதையில் நுழைந்த வண்டியாகும். மற்ற ஆயிரம் வண்டிகள் ஒழுங்காகத் தகடு பெற்றுச் சென்றமையால் யாது பயன்?

நம் மாணவர் ஒருவர் எழுதிய நிரலிற் கூட்டும் இடங்களெல்லாம் செவ்வனே பூட்டப்பட்டிருந்தன. மாலையில் மொத்தத்தை அச்சிட்டுப் பின் 0 ஆக்கும் வரிகள் மட்டும் பூட்டின்றி இருந்தன. "அது வாசிக்கிறதுதானே சேர்" என்றார். அச்சிட்டதற்கும் 0 ஆக்கியதற்கும் இடையில் வந்து சேர்ந்த சாக்குகள் அன்றைய கணக்கிலும் ஏறவில்லை. மறுநாட் கணக்கிலும் ஏறவில்லை. வாசிப்பதற்கும் பூட்டு வேண்டும். வாசித்தலும் 0 ஆக்கலும் பிரியாமல் ஒரே பூட்டுக்குள் அடங்கவும் வேண்டும். பூட்டைப் பெற்று, மொத்தத்தை உள்மாறியொன்றிற் படியெடுத்து, 0 ஆக்கி, பூட்டை விட்டபின் ஆறுதலாக அச்சிடுவதே தக்க முறை. அச்சிடும் நேரமெல்லாம் பூட்டை வைத்திருந்தால் தராசுகள் வீணே காத்துநிற்கும். பொதுமாறி ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இஃது இன்ன பூட்டின் காவலில் உள்ளது' என்று குறிப்பெழுதிவைக்கும் பழக்கம் சிலருக்குத் தொல்லையாகத் தோன்றும். நாம் அக்குறிப்பில்லாத நிரலைத் திருத்துவதற்கு ஏற்பதில்லை.

பூட்டை விட மறத்தலும் உண்டு. நிறை 0இலும் குறைவாக வந்தாற் சார்பைவிட்டு வெளியேறும் ரிட்டர்ன் வரியொன்று, லொக்கிற்கும் அன்லொக்கிற்கும் இடையே அமைந்துவிடும். சாரதி தகட்டைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது போலாம். அதன்பின் எவ்வண்டியும் அசையாது. சி மொழியில் இதனைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு இல்லை. வெளியேறும் வழிகள் யாவற்றையும் ஒரே அன்லொக் வரியினூடாகச் செலுத்துக.

10 இலட்சம் தடவை பூட்டித் திறக்கும் நிரல், ஒரேயிழையால் ஓடும் நிரலினும் மெதுவாக ஓடுவதைக் கண்டு மாணவர் ஏமாற்றமடைவர். இங்குத் தோட்டத்து வழக்கமே நல்வழி காட்டுகிறது. ஒவ்வொரு நிறுவையிடத்திலும் எழுதுபவர் தம் புத்தகத்திலேயே எழுதுவார். பின்னரே அவை அலுவலகத்திற் சேர்த்துக் கூட்டப்படும். ஒவ்வோரிழையும் தன் உள்மாறியிற் கூட்டிவைத்து, இறுதியில் ஒரேயொரு தடவை பூட்டைப் பெற்று மொத்தத்திற் சேர்க்கட்டும். பகிராத மாறிக்குப் பூட்டே வேண்டியதில்லை.

பூட்டுகள் இரண்டானால் மற்றொரு துன்பம் தோன்றும். 7ஆம் பேரில் தவறாக ஏறிய நிறையை 12ஆம் பேருக்கு மாற்றும் இழை, 7ஐப் பூட்டிவிட்டு 12ஐக் கேட்கிறது. அதே வேளையில் 12இலிருந்து 7க்கு மாற்றும் இழை, 12ஐப் பூட்டிவிட்டு 7ஐக் கேட்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தவாறு என்றைக்கும் நிற்கும். நிறை எத்திசையிற் சென்றாலும் சிறிய எண்ணையே முதலிற் பூட்டுவது என்று விதி செய்துகொண்டால் இம்முட்டு நேராது.

ஓரிழை மற்றோரிழையின் வேலைக்காகக் காத்திருக்கவேண்டிய இடங்களும் உண்டு. அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னையில், 1890இல் தோமஸ் லிப்டன் இத்தீவுக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய காலத்துத் தொழிற்சாலை உள்ளது. அத்தகைய தொழிற்சாலைகளிற் கொழுந்து பல மணிநேரம் வாட்டப்பட்ட பின்னரே உருட்டும் இயந்திரத்துக்கு வரும். 'வாடிவிட்டதா, வாடிவிட்டதா' என்று கணந்தோறும் ஓடிப்போய்ப் பார்க்கும் தொழிலாளி வேறொன்றும் செய்யமாட்டார். அவ்வாறு சுழலும் இழை செயலியை வீணாக்கும். பீத்திரெட் கொண்ட் வெயிட் என்னும் சார்பு, பூட்டை விட்டு இழையை உறங்கச் செய்து, மற்றோரிழை பீத்திரெட் கொண்ட் சிக்னல் என்று எழுப்பும்போது பூட்டை மீளப் பெற்றுத் தரும். விழித்த இழை கொழுந்து இருக்கின்றதா என்று மறுபடியும் பார்த்தல் வேண்டும். அதற்கு முந்திக்கொண்டு வேறோரிழை அதனை எடுத்திருக்கலாம். யாரும் எழுப்பாமலே விழிப்பு வருதலையும் நியமம் அனுமதிக்கிறது. ஆதலின் இவ்விடத்தில் இஃப் எழுதற்க, வைல் எழுதுக.

வொலட்டைல் என்னும் அடைமொழியை மாறிக்கு இட்டாற் பூட்டு வேண்டியதில்லை என்ற தவறான கருத்து பழைய நூல்கள் சிலவற்றின் வழியாகப் பரவியுள்ளது. அது மூன்று செயலை ஒன்றாக்காது. ஒரு தனி எண்ணைக் கூட்டுவதொன்றே வேண்டுமாயின், 2011ஆம் ஆண்டு நியமம் தந்த அட்டோமிக் மாறிகள் உதவும். வழுவைத் தேடுவதற்கு ஜீசீசீ தொகுப்பானிலேயே திரெட் சானிடைசர் என்னும் ஏற்பாடு உள்ளது. காப்பின்றித் தொடப்படும் மாறியை வரி எண்ணோடு காட்டும். ஓட்டத்தில் தொடப்பட்ட வரிகளை மட்டுமே அது காணும் என்பதை மறவற்க.

மாணவர் செய்து பார்ப்பதற்கு ஒரு பயிற்சி தருகின்றோம். தராசு இழைகள் மூன்று. தொழிலாளர் பேர்கள் 50 கொண்ட ஓரணி. தவறான பேரில் ஏறிய நிறையை மாற்றும் இழை ஒன்று. மாலையில் அச்சிடும் இழை ஒன்று. பேருக்கொரு பூட்டாக ஒருமுறையும், எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டாக ஒருமுறையும் எழுதி, இரண்டின் நேரத்தையும் அளந்து ஒப்பிடுக. தராசுகள் மூன்றும் நிறுத்த மொத்தமும், 50 பேரில் ஏறியவற்றின் கூட்டுத்தொகையும் ஒரு கிலோவும் பிசகாமல் ஒத்திருத்தல் வேண்டும்.